பந்தலின் கீழ்த் தேயிலை



மலைநாட்டுத் தோட்டங்களினூடே பயணஞ் செய்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பார்கள். சரிவெங்கும் இடுப்பளவிற் கத்தரித்து விடப்பட்ட தேயிலைச் செடிகள். அவற்றினிடையே இடைவெளி விட்டு உயர்ந்து நிற்கும் நிழல் மரங்கள். யான் அதிபராகப் பணிபுரியும் பாடசாலையும் அத்தகைய ஒரு சரிவிலேயே அமைந்திருக்கிறது. ஒருநாள் வகுப்பிலே புவியியற் பாடம் நடந்துகொண்டிருந்தபோது சிறுமி ஒருத்தி எழுந்து, சூரிய ஒளியைக் கொண்டே செடி தனக்கு வேண்டிய உணவை ஆக்கிக்கொள்கிறது என்று விஞ்ஞான பாடத்திற் படித்தோமே, அவ்வாறாயின் தேயிலைக்கு மட்டும் எதற்காக நிழல் வைத்தார்கள் என்று வினவினாள். வினவியதோடு நில்லாமல், அடர்ந்த நிழலில் நிற்கும் செடியிற் கொழுந்து குறைவு என்று தன் தாயார் சொல்வதாகவும் கூறினாள். அவளுடைய தாயார் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. ஆதலால் அது ஏட்டறிவன்று. கூடையின் நிறையைத் தோளில் உணர்ந்து அறிந்த அறிவு.

அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அந்தச் சிறுமியின் வினாவுக்குள்ளே பல நூற்றாண்டுகளின் வரலாறொன்று அடங்கியிருப்பதைக் கண்டேன். அவ்வரலாறு நம் நாட்டில் நிகழ்ந்ததன்று, யப்பானில் நிகழ்ந்தது. நிழல் விளைவைக் குறைக்கும் என்பதை நன்கறிந்தும், அந்தக் குறைவை வேண்டுமென்றே ஏற்றுக்கொண்டு, கொழுந்து பறிப்பதற்கு முன்னர்த் தோட்டம் முழுவதையும் பந்தலிட்டு இருளாக்கிய மக்களின் வரலாறு அது. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவுக்குத் தெற்கே ஊஜி என்றோர் ஊர் உண்டு. ஆறொன்று மலையிடுக்கிலிருந்து வெளிப்பட்டுச் சமவெளியிற் பாயும் இடத்திலே அவ்வூர் அமைந்திருக்கிறது. ஆற்றிலிருந்து எழும் மூடுபனி காலை வேளைகளிற் கரையோரத் தோட்டங்களைப் போர்த்து நிற்கும். அக்காலத்தில் ஊருக்கு அருகே ஒகுரா என்னும் பரந்த ஏரியொன்றும் இருந்தது. 1933ஆம் ஆண்டு தொடங்கி 1941ஆம் ஆண்டு வரையில் அதன் நீரை வடித்து வயலாக்கிவிட்டார்கள். அந்த ஏரியின் கரைகளிலே நாணல் செழித்து வளர்ந்தது. ஆறு, மூடுபனி, நாணல், சுற்றிலும் நெல்வயல்கள் தரும் வைக்கோல் ஆகிய இவை நான்கையும் நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் கதைக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அவற்றில் அடங்கிவிட்டன.

தேயிலை யப்பானுக்குச் சீனத்திலிருந்து வந்தது. எய்சாய் என்னும் பௌத்த துறவி 1191ஆம் ஆண்டிலே சீனத்திலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார் என்பது மரபு. தேநீர் அருந்துவதனால் உடல் நலம் பெறும் என்று விளக்கி அவர் 1211ஆம் ஆண்டில் ஒரு நூலும் இயற்றினார். அவரிடமிருந்து விதை பெற்ற மியோயே என்னும் துறவி, கியோத்தோவின் மலைப்புறத்திலுள்ள தொகானோ என்னுமிடத்திலே பயிரிட்டார். அங்கிருந்து பயிர் ஊஜிக்கும் பரவியது. தொடக்கத்திலே தொகானோத் தேயிலைதான் மெய்யான தேயிலை என்று மதிக்கப்பட்டது. பிற ஊர்த் தேயிலைகள் யாவும் இரண்டாந்தரமே. காலஞ் செல்லச் செல்ல ஊஜி முந்திக்கொண்டது. ஆட்சியாளரின் ஆதரவோடு புகழ்பெற்ற ஏழு தோட்டங்கள் அங்கே ஏற்பட்டன. அவ்வேழனுள் ஒன்று மாத்திரமே இன்றும் தேயிலைத் தோட்டமாக நிலைத்திருக்கிறது.

அக்காலத்துச் சீனர் தேயிலையைத் தூளாக்கி, வெந்நீரிலிட்டு, நுரை எழுமாறு கடைந்து பருகினர். யப்பானியரும் அம்முறையையே கற்றுக்கொண்டனர். பின்னர்ச் சீனத்தில் வழக்கம் மாறியது. மிங் வமிசத்தின் முதற் பேரரசர் 1391ஆம் ஆண்டிலே, அச்சிட்ட கட்டித் தேயிலையைத் திறையாகச் செலுத்துவதை நிறுத்தி உதிரி இலையையே அனுப்புமாறு கட்டளையிட்டார். அதன் பின் இலையை நீரில் ஊறவைத்து அருந்துவதே அந்நாட்டின் வழக்கமாயிற்று. தூள் தேயிலை பிறந்த நாட்டிலே மறைந்தது. குடியேறிய நாட்டிலே நிலைத்தது. இந்த வேறுபாடு நம் பொருளுக்கு முக்கியமானது. இலையை ஊறவைத்து வடிப்பவர், நீரில் இறங்கிய சாரத்தை மாத்திரம் பருகுகிறார். தூளைக் கடைந்து குடிப்பவரோ இலை முழுவதையும் உட்கொள்கிறார். இலையிற் கசப்பும் துவர்ப்பும் மிகுந்திருந்தால் அவருக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை. ஆகவே, துவர்ப்புக் குறைந்த மெல்லிய இலையை நாடும் நாக்கு யப்பானிலே உருவாயிற்று.

இனிப் பந்தலின் கதைக்கு வருவோம். ஊஜியிலே தேயிலைச் செடி ஏப்பிரல் மாதத்தில் தளிர்க்கிறது. மே மாதத்திற் பறிப்பு. இளவேனில் பிறந்த நாளிலிருந்து எண்ணி வரும் 88ஆம் நாள், அதாவது மே மாதத் தொடக்கம் வரையில், இரவில் உறைபனி விழக்கூடும் என்பது அந்நாட்டு உழவரின் நெடுநாள் அநுபவம். தளிர் விட்ட பிறகு ஓரிரவு உறைபனி விழுந்தாற் போதும். ஆண்டு முழுவதும் காத்திருந்த கொழுந்து காலையிற் கருகிக் கிடக்கும். நுவரெலியாவிலே உறைபனியாற் கருகிய கொழுந்தைக் கண்டவர்களுக்கு அந்த இழப்பு எத்தகையதென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. நமக்காயினும் அடுத்த பறிப்பு உண்டு. ஊஜி உழவனுக்கோ ஆண்டின் சிறந்த கொழுந்து அந்த ஒருமுறைதான். ஆகவே அவன் தன் தோட்டத்தின்மேற் பந்தலிட்டான். மரக்கால் நட்டு, மூங்கிற் கழி பரப்பி, அதன்மேல் நாணற் தட்டியை விரித்து, தட்டியின்மேல் வைக்கோலைத் தூவினான். நாற்றுமேடைக்கு நம்மவர் கிடுகுப் பந்தல் இடுவதைப் போன்ற எளிய காப்புத்தான் அது.

இதற்குச் சான்று கூறுபவர் ஓர் ஐரோப்பியர். யுவாவு ரொட்ரிகேஸ் என்னும் போர்த்துக்கேயர் 1577ஆம் ஆண்டில் இளைஞராக யப்பானுக்கு வந்து, யேசு சபையிற் சேர்ந்து, அந்நாட்டு மொழியிற் பெரும் புலமை பெற்று, ஆட்சியாளருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கினார். 1610ஆம் ஆண்டிலே நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, மக்காவிலே தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். அங்கிருந்து அவர் எழுதிய வரலாற்று நூலிலே தேநீரைப் பற்றிய பகுதிகள் விரிவானவை. இளந்தளிர் மிக மென்மையாதலால் உறைபனி அதனைக் கெடுத்துவிடும் என்றும், அதனால் ஊஜியிலே பந்தலமைத்துப் பாயினாலும் வைக்கோலினாலும் தோட்டத்தை மூடுவார்கள் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் காட்டும் காரணம் உறைபனி என்பதைக் கவனிக்க வேண்டும். பயிரைக் காப்பதற்காகப் போட்ட பந்தலென்றே அவர் அறிந்திருந்தார்.

ஆனால் பந்தல், போட்டவன் கேட்டதற்கு மேலாகவும் ஒன்றைக் கொடுத்தது. கேளாத ஒன்றை எடுத்தும் கொண்டது. பனிக்காக மூடிய செடி பகலிலும் மூடியே கிடந்தது. வெயில் காணாத அந்தக் கொழுந்து நிறத்திற் கரும்பச்சையாயிற்று, தொட்டால் மெல்லியதாயிற்று, அரைத்தால் ஒளிரும் பசுந்தூளாயிற்று. துவர்ப்புக் குறைந்து, நாவிற் படிந்து நிற்கும் ஒரு கனிந்த சுவை தோன்றியது. கடற்பாசியை நினைவூட்டும் ஒருவகை மணமும் அதனோடு வந்தது. அந்த மணத்துக்குப் பந்தல் மணம் என்று பொருள்படும் ஒரு பெயரையே யப்பானியர் வழங்கி வருகிறார்கள். எடுத்துக்கொண்டது யாதெனில், விளைவு. மூடிய செடியிலே தளிர்களின் தொகை குறைந்தது. தளிரின் நிறையும் குறைந்தது. பறிப்பு நாளும் பின்சென்றது. பனி அச்சம் நீங்கிய பின்னும் பந்தலைப் பிரிக்காது விட்ட உழவன், நிறையை விட்டுச் சுவையைத் தெரிந்துகொண்டான் என்றே நாம் கொள்ள வேண்டும். முதன்முதலில் அவ்வாறு செய்தவன் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

அவன் அதனைத் துணிந்து செய்வதற்கு வாங்குவோரின் ஆதரவு இருந்தது. 16ஆம் நூற்றாண்டிலே தேநீர்ச் சடங்கு யப்பானியப் பெருமக்களின் வாழ்விலே உயர்ந்த இடத்தைப் பெற்றது. அதனை ஒழுங்குபடுத்திய சென் நோ ரிக்கியு 1591ஆம் ஆண்டில் மறைந்தார். போர்த்தலைவர்களும் பெருவணிகர்களும் சிறிய குடிலொன்றிற் கூடி, ஒரே கிண்ணத்திலே கடைந்த தேநீரைப் பகிர்ந்து பருகினர். அந்தக் கிண்ணத்துக்கு உரியதாக ஊஜித் தூளே மதிக்கப்பட்டது. ஆட்சியாளரின் அநுமதி பெற்ற ஊஜித் தேயிலையாளருக்கே பந்தலிடும் உரிமை இருந்தது. பந்தல் ஒரு விவசாய முறையாக மாத்திரமன்றி ஓர் ஏகபோகமாகவும் மாறியது.

அந்த ஏகபோகத்தின் சிறப்பையும் கொடுமையையும் ஒருங்கே காட்டுவது தேயிலைச் சாடிகளின் ஊர்வலம். 1633ஆம் ஆண்டு முதல் முறையாக ஒழுங்கு செய்யப்பட்டு 1867ஆம் ஆண்டு வரையில் அது நடந்தது. இன்று தோக்கியோ என வழங்கும் எடோ நகரிலிருந்து வெறுஞ்சாடிகள் புறப்பட்டு ஊஜிக்கு வரும். உயர்ந்த கொழுந்தைக் காகிதப் பைகளிற் கட்டிச் சாடியின் நடுவே வைத்து, சுற்றிலும் அடுத்த தரத்துத் தேயிலையைக் காப்பாக அடைத்து, வாயை முத்திரையிட்டு மூடுவார்கள். பின்னர் அச்சாடிகள் பல்லக்கிற் செல்வோருக்குரிய மரியாதையோடு தலைநகருக்குத் திரும்பும். எதிர்ப்பட்ட சிற்றரசரும் ஒதுங்கி வழிவிட வேண்டும். வழியிலுள்ள குடியானவர்கள் தம் வயல் வேலையை விட்டுப் பாதையைச் செப்பனிட வேண்டும். யப்பானியச் சிறுவர் இன்றும் பாடும் விளையாட்டுப் பாடலொன்று, அந்த ஊர்வலத்துக்கு அஞ்சி மக்கள் கதவடைத்து ஒளிந்த நினைவே என்று கூறுவாரும் உளர். ஒரு சாடி தேயிலை மனிதரினும் மேலாக மதிக்கப்பட்ட காலம் அது.

பந்தலிடும் உரிமை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் வெயிலில் வளர்ந்த இலையைக் கொண்டே நல்ல தேநீர் ஆக்க வழி தேடினார்கள். ஊஜிக்கு அண்மையிலுள்ள மலைக்கிராமமொன்றில் வாழ்ந்த நகத்தானி சோயென் என்பவர், 1738ஆம் ஆண்டிலே, இளந்தளிரை ஆவியில் வேகவைத்து, சூட்டின்மேல் உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். அவ்விலையை வெந்நீரில் ஊறவைத்தபோது பசும்பொன் நிறத்துத் தேநீர் கிடைத்தது. எடோ நகரத்து யமமோத்தோ என்னும் வணிகர் அதனை வாங்கி விற்றார். பொதுமக்கள் அருந்தும் செஞ்சா என்னும் தேயிலை அவ்வாறு வளர்ந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்து, 1835ஆம் ஆண்டிலே, அதே வணிகக் குடும்பத்தின் ஆறாந் தலைமுறையினர் பந்தலின் கீழ் வளர்ந்த கொழுந்தை அந்த உருட்டல் முறையோடு இணைத்தார் என்பது பெரும்பான்மையோர் கூறும் வரலாறு. உருட்டும்போது இலைகள் சிறு மணிகளாகத் திரண்டு பனித்துளி போன்றிருந்தனவாம். அதனால் மணித்துளி எனப் பொருள்படும் கியொகுரோ என்ற பெயர் ஏற்பட்டது. இன்றும் யப்பானிய இலைத் தேயிலைகளுள் முதலிடம் அதற்கே.

இனி, பந்தலிடும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். தளிரில் ஓரிரண்டு இலைகள் விரியும் சமயத்திலேயே மூடத் தொடங்குவார்கள். முதலில் நாணற் தட்டியை மாத்திரம் விரிப்பார்கள். அப்போது உள்ளே ஒளி பாதியளவாவது புகும். சில நாள்கள் சென்று, செடி அந்த மங்கலுக்குப் பழகிய பின்னர், பந்தலின்மேல் ஏறி நின்று வைக்கோலைக் கைகளால் உதிர்த்துப் பரப்புவார்கள். வெளிச்சம் வரவரக் குறைந்து, முடிவில் நூற்றில் ஒருசில பங்கே செடியை எட்டும். திடீரென்று இருட்டாக்கினாற் செடி நலிந்துவிடும். வைக்கோல் அடுக்கின் தடிப்பு இடத்துக்கு இடம் வேறுபட்டால் கொழுந்தும் வேறுபட்டுவிடும். மழை நீர் வைக்கோலினூடே மெல்லக் கசிந்து இறங்கும். வெம்மை உள்ளே தேங்குவதில்லை. பறிப்பு முடிந்ததும் அதே வைக்கோலைக் கீழே தள்ளி நிலத்துக்குப் போர்வையும் எருவும் ஆக்குவார்கள். கியொகுரோவுக்கு ஏறத்தாழ 20 நாள்கள் மூடப்படும். தூளாக்குவதற்குரிய தெஞ்சா என்னும் இலைக்கு 20 நாள்களும் அதற்கு மேலும் ஆகும். ஒன்றிரண்டு வாரம் மாத்திரம் மூடிப் பறிக்கும் இடைத்தரமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வைக்கோலுக்குப் பதிலாகக் கறுப்பு நெசவுத் துணி பெருவழக்காயிற்று. அது கூலியையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. ஆயினும் பழைய முறையைக் கைவிடாத தோட்டங்கள் ஊஜியிலும், தெற்கே கியூசுத் தீவிலுள்ள யமே மாவட்டத்திலும் இன்றும் இருக்கின்றன. வைக்கோல் முதலிய இயற்கைப் பொருள்களால் மூடிக் கையாற் பறித்த யமேக் கியொகுரோவுக்கு 2015ஆம் ஆண்டிலே அந்நாட்டு அரசு புவிசார் பெயருரிமையும் வழங்கியது.

இத்தனை பாடுபட்டும் கிடைப்பது ஆண்டுக்கு ஒரு பறிப்பே. இருளில் இருந்த செடி தன் வேரிற் சேமித்த உணவைச் செலவழித்தே தளிர் விட்டது. ஆதலால் உயர்ந்த தரத்துக்குரிய செடியை வசந்தத்தில் ஒருமுறை பறித்த பின், கத்தரித்து, எருவிட்டு, எஞ்சிய மாதங்களெல்லாம் வெயிலில் இளைப்பாற விட்டுவிடுவார்கள். எண்ணெய்ப் பிண்ணாக்கு, உலர்ந்த மீன் எனப் பழைய நாளிலேயே ஊஜி உழவர் எருவுக்குப் பெரும்பொருள் செலவிட்டனர். தெஞ்சா இலையை அரைக்கும் கல்லும் மெல்லவே சுழலும். விரைந்து சுழன்றாற் சூடேறி மணம் கெடும். ஒரு கல்லில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 40 கிராம் தூளே கிடைக்கும். குறைந்த இலை, மிகுந்த உழைப்பு, மெதுவான அரைப்பு ஆகிய இவற்றின் விலைதான் கிண்ணத்தின் விலை.

பந்தல் ஏன் சுவையைத் தருகிறது என்பதற்கு விடை கிடைக்க 20ஆம் நூற்றாண்டு வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான கட்டெக்கின் என்னும் பொருளை 1929ஆம் ஆண்டிலே பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர் சுஜிமுரா மிச்சியோ என்னும் பெண்மணி. பெண்களுக்கு ஆய்வுக்கூடக் கதவுகள் எளிதில் திறவாத அக்காலத்தில், 1932ஆம் ஆண்டிலே, அவர் யப்பானின் முதலாவது பெண் விவசாயக் கலாநிதியாகப் பட்டம் பெற்றார். பின்னர் 1949ஆம் ஆண்டிலே சகாத்தோ யஜிரோ என்னும் ஆய்வாளர், கியொகுரோ இலையிலிருந்தே தியனின் என்னும் அமினோ அமிலத்தைக் கண்டறிந்தார். பந்தல் தேயிலையின் கனிந்த சுவைக்கு அதுவே முதன்மையான காரணம்.

இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள உறவிலேதான் நிழலின் இரகசியம் இருக்கிறது. தியனின் வேரிலே உருவாகித் தண்டின் வழியே ஏறித் தளிரை அடைகிறது. வெயில் பட்ட தளிரிலே அது சிதைகிறது. சிதைந்ததன் ஒரு பகுதி கட்டெக்கின் அமைவதற்கே பயன்படுகிறது என்பதை யப்பானிய ஆய்வாளர் 1960களிலே காட்டினர். அதாவது, வெயிலில் நிற்கும் தளிர் தன் இன்சுவையைத் துவர்ப்பாக மாற்றிக்கொள்கிறது. நிழலில் அந்த மாற்றம் தடைப்படுகிறது; தியனின் தங்குகிறது; கட்டெக்கின் குறைகிறது. கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் தவறவிடாது பிடிப்பதற்காக இலை பச்சையத்தை மிகுதியாக ஆக்கிக்கொள்வதனால் நிறம் கருமையடைகிறது. பரந்து மெலிவதனால் மென்மையாகிறது. கடற்பாசி மணத்துக்குக் காரணம் கந்தகங் கலந்த ஒரு சேர்வை என்பதும் அறியப்பட்டிருக்கிறது. நைதரசன் நிறைந்த எருவை வேருக்கு ஊட்டி, தலைக்கு மேலே வெயிலை மறைத்த பழைய உழவன், தியனின் என்னும் பெயரை அறியாமலே அதனை இரு வழிகளிலும் பெருக்கியிருக்கிறான்.

அந்த அறிவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. எரு மிகுந்தாற் சுவை மிகும் என்று கண்ட பிற்காலத்தவர், செயற்கை உரத்தை அளவிறந்து இட்டார்கள். செடி உண்ணாத நைதரசன் நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் கலந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் யப்பானியத் தேயிலை மாவட்டங்கள் உரத்தின் அளவைக் குறைக்க முயல வேண்டியதாயிற்று. சுவைக்குக் கொடுக்கும் விலையை உழவனும் செடியும் மாத்திரமன்றி, அயலிலுள்ள நீரும் கொடுக்க நேர்ந்தது.

இனி நம் மலைநாட்டுக்குத் திரும்புவோம். 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதும், அடுத்த சில ஆண்டுகளிற் கோப்பிப் பயிர் நோயால் அழிந்ததும், தேயிலை அதனிடத்தைப் பிடித்ததும் நேயர்கள் அறிந்த செய்திகள். நம் தோட்டங்களில் நிற்கும் கிரவில்லியா மரங்களும் முள்முருக்கு இன மரங்களும் யப்பானியப் பந்தலைப் போன்றவையல்ல. அவை ஆண்டு முழுவதும் நிற்கும் மெல்லிய நிழல். கடுவெயிலின் கொதிப்பைத் தணிப்பதும், காற்றைத் தடுப்பதும், உதிரும் இலையாலும் வெட்டிப் போடும் கொப்பாலும் மண்ணை வளப்படுத்துவதுமே அவற்றின் பணி. முள்முருக்கு இனமோ தன் வேர் முடிச்சுகளின் துணையால் காற்றிலுள்ள நைதரசனையும் மண்ணிற் சேர்க்கிறது. 1946ஆம் ஆண்டிலே கொப்புள நோய் நம் தேயிலையைத் தாக்கியபோது, ஈரமும் நிழலும் சேர்ந்தால் அந்நோய் பெருகும் என்பது தெளிவாயிற்று. மழைக்காலத்துக்கு முன்னரே மரங்களின் கொப்புகளை வெட்டி வெயில் விழச் செய்வது வழக்கமாயிற்று. நிழல் எவ்வளவு, எப்போது, எதற்காக என்ற மூன்று வினாக்களையும் கேளாமல், நிழல் நல்லது என்றோ தீயது என்றோ கூறுவதிற் பொருளில்லை.

நாம் ஆக்குவது கறுப்புத் தேயிலை என்பதையும் மறத்தலாகாது. கறுப்புத் தேயிலையின் செந்நிறமும், நாவைச் சுண்டும் வீறும், நொதிக்கும்போது கட்டெக்கின் மாற்றமடைவதனாலேயே உண்டாகின்றன. யப்பானியர் பந்தலிட்டுக் குறைக்க விரும்பிய அதே பொருளே நம் தேநீருக்கு உயிர்நாடி. அவர்களுடைய பந்தலை இங்கே கொண்டுவந்து நம் செடியை மூடினால், விளைவும் குறையும்; நம் தேநீரின் வீறும் குறையும். ஒரு நாட்டின் சிறப்பு மற்றொரு நாட்டிற் குறையாகலாம். தரம் என்பது இலையில் மாத்திரம் இருப்பதன்று. அந்த இலையை எதற்காக ஆக்குகிறோம் என்பதிலும் இருக்கிறது.

அண்மைக் காலத்திலே உலகெங்கும் யப்பானியப் பசுந்தூளின்மேல் ஒரு பெருவேட்கை எழுந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டில் ஊஜியின் பெயர்பெற்ற கடைகள் சில, ஒருவர் வாங்கக்கூடிய அளவைக் கட்டுப்படுத்தின. 2025ஆம் ஆண்டு வசந்தத்திற் கியோத்தோ ஏலத்திலே தெஞ்சாவின் விலை முந்திய ஆண்டினும் பெரிதும் உயர்ந்தது. பிற நாடுகளும் அத்தூளை ஆக்க முனைந்திருக்கின்றன. நம் நாட்டிலும் அதனைச் செய்யலாமே என்று எவரேனும் கூறினால் வியப்பதற்கில்லை. செய்யலாமா, மண்ணும் செடியும் ஏற்குமா என்பதை ஆய்வாளர் சொல்லட்டும். வரலாறு படித்தவன் என்ற முறையில் யான் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. நம் தோட்டங்களிலே ஒரு நாட் கூலி, பறித்த கொழுந்தின் கிலோக்கணக்கோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பந்தல் போட்டாற் கிலோக் குறையும் என்பதை ஊஜியின் வரலாறு ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. குறைந்த கிலோவுக்குக் கிடைக்கும் உயர்ந்த விலை, தராசின் முன் நிற்கும் பெண்ணின் கைக்கு எட்டுமா? எட்டாதாயின், பந்தல் அவளுக்கு நிழலாகாது. அவள் கூடையைக் குறைக்கும் இருளாகவே இருக்கும். சாடிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற யப்பானியக் குடியானவனின் நிலையும் அதுவேயல்லவா?

அந்தச் சிறுமிக்கு மறுநாள் யான் இவ்வாறு விடை கூறினேன். வெயில் செடிக்கு உணவு தருவதும் உண்மை. நிழலிற் கொழுந்து குறைவதும் உண்மை. உன் தாயார் சொன்னது முற்றிலும் சரி. யப்பானிய உழவர் அந்தக் குறைவை அறிந்தே ஏற்றார்கள்; ஏனெனில், குறைந்த இலைக்கு நிறைந்த விலை கொடுப்பார் அவர்களுக்கு இருந்தனர். இதைக் கேட்ட அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் அங்கே கொழுந்தை நிறுக்கும்போது என்ன கணக்கு என்று வினவினாள். வகுப்பிலே சிலர் சிரித்தார்கள். யான் சிரிக்கவில்லை. நூல்களிலே பல நூற்றாண்டுகளைத் தேடிய எனக்குத் தோன்றாத கேள்வியை, மாலைதோறும் தாயின் கூடையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்டுவிட்டாள்.

நேயர்களே, அடுத்த முறை ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் எடுக்கும்போது, அது வெயிலில் விளைந்ததோ நிழலில் விளைந்ததோ, அதன் நிறையையும் சுவையையும் எண்ணுவதோடு அந்தச் சிறுமியின் கேள்வியையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.